முதல் இருக்கைத் துணிச்சல்

தீபாவளிக்கு மறுநாள் இரவு, சிங்கப்பூர் ஈசூனில் நண்பரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒன்பது பேர் போக்கர் போட்டி ஆட உட்கார்ந்தோம். (வீட்டில் உறவினரும் நண்பர்களும் ஆடுவதற்கு 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் தருகிறது, ஆனால், ஆட்டம் நடத்தி யாரும் கமிஷன் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரருக்கு மிஞ்சியது காலி முறுக்கு டின்தான்.)

பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைப்பது) 500-1,000, ஆன்டி (மேசை முழுவதற்கும் ஒருவரே வைப்பது) 1,000. முதல் இருக்கையில், முதலில் முடிவு சொல்ல வேண்டியவன் என் மைத்துனன். கையிருப்பு 18,000 சிப். ஆர்டின் ஏஸும் கிளாவர் பத்தும் வந்ததும் யோசிக்காமல் பந்தயத்தை 2,500க்கு ஏற்றினான். கடைசி இருக்கைக்காரர், அவனைவிட அதிகம் சிப் வைத்திருப்பவர், மொத்தத்தையும் முன்னே தள்ளினார். இவனும் "சரி" என்றான். அவரிடம் ஜாக்கி ஜோடி. ஐந்தாவது பொதுச் சீட்டாக ஏஸ் விழுந்து, மைத்துனன் வென்றான். மேசையே கைதட்டியது. நான் தட்டவில்லை.

சீட்டு விழுந்த பிறகு சொல்லும் பாராட்டு எனக்குப் பிடிக்காது. வென்றால் வீரம், தோற்றால் அவசரக்குடுக்கை. ஏற்றிய அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்தது என்ன? பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான். பத்து ஜோடியோ அதற்கு மேற்பட்ட ஜோடியோ, ஏஸ்-ராஜாவோ, ஏஸ்-ராணியோ ஒருவர் கைக்கு வருவது நூற்றுக்கு ஐந்து முறைகூட இல்லை. ஆனால் எட்டுப் பேரில் ஒருவருக்காவது வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை. டீலர் இருக்கையிலிருந்து ஏற்றினால் பின்னால் இருவர்தான். அங்கே அது பதினொன்றில் ஒரு முறை. அவன் கையிலிருந்த ஏஸ் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. ஜாக்கி ஜோடிக்கு எதிரே அவனுக்கு இருந்தது பத்தில் மூன்று வாய்ப்பு.

மேசையில் கிடந்ததோ 2,500 சிப். அதை எடுக்க 2,500 வைத்தான். எதிர்ப்பு வந்து சீட்டைப் போட்டு விலகியிருந்தால் கையிருப்பில் ஏழில் ஒரு பங்கு போயிருக்கும். போட்டியில் சிப் தீர்ந்தவர் எழுந்து போக வேண்டியதுதான். சிப் இரட்டிப்பானால் பரிசும் இரட்டிப்பாகிவிடாது.

முதல் இருக்கையில் ஏற்றவே கூடாது என்று சொல்லவில்லை. இன்னும் ஓரிருவர் வெளியேறினால் மற்றவர்களுக்குப் பரிசு என்ற நிலையில், உங்களிடம் சிப் குவிந்திருந்து மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் தாராளமாக ஏற்றலாம். முன்னிருக்கைக்காரர் ஏற்றினால் நல்ல சீட்டு இருக்கும் என்று மேசை பயப்படும். ஆனால் அந்தப் பயம் இரண்டு மூன்று முறைக்குத்தான். என் மைத்துனன் அதற்கு முன்பே நான்கு முறை ஏற்றியிருந்தான். ஜாக்கிக்காரர் முறுக்கைக் கடித்தபடி அதை எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"அத்தான், நீங்களாக இருந்தால் சீட்டைப் போட்டிருப்பீர்களா?" என்று லிஃப்ட்டில் கேட்டான்.

"ஏற்றாமலேயே போட்டிருப்பேன்."

அவன் இரண்டாவதாக வந்தான். நான் ஏழாவது. என் கருத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.