268 டிகிரி என்றால் எல்லாம் ஒன்றா?

கேம்ஷாஃப்ட் என்பது இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; வால்வு திறந்திருக்கும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எத்தனை டிகிரி சுழல்கிறது என்று தயாரிப்பாளர் சொல்லும் அளவுதான் விளம்பர டியூரேஷன். அது 268 டிகிரி என்று இருந்தால் எந்த கேம்ஷாஃப்டும் செவர்லே 350 இன்ஜினில் ஒரே மாதிரிதான் ஓடும் என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் சொல்கிறேன்: அது சரியல்ல.

காம்ப் கேம்ஸ் நிறுவனத்தின் 268எச், எக்ஸ்இ268எச் என்ற இரண்டு கேம்ஷாஃப்டுகளுக்கும் இன்டேக் (காற்றும் எரிபொருளும் உள்ளே வரும்) பக்கம் விளம்பர அளவு 268தான். ஆனால் லிஃப்டர் (கேம் மேலே தள்ளி வால்வைத் திறக்க வைக்கும் பாகம்) 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளந்தால் முன்னது 218, பின்னது 224 டிகிரி. பின்னதில் வால்வு விரைவாக எழும்பி இறங்குகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் அதிகம் குலுங்கும்; பவர் பிரேக்குக்கு உதவும் வேக்கூமும் (இன்ஜினின் உறிஞ்சு விசை) குறையும். பவர் பிரேக் உள்ள பழைய கமாரோ காருக்கு இது சின்ன விஷயமல்ல. போதாக்குறைக்கு, விளம்பர அளவை எந்த உயரத்தில் எடுப்பது என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

கேம்ஷாஃப்டுடன் வரும் அட்டையில் இரண்டு எண்களும் அச்சாகியிருக்கும், 0.050 வரியைப் பாருங்கள். அட்டை தொலைந்துவிட்டதா? கிராங்க் முனையில் டிகிரி வீலையும் (கோணம் குறித்த வட்டத் தட்டு) லிஃப்டர்மேல் டயல் கேஜையும் (நகர்வை முள்ளால் காட்டும் அளவுகோல்) பொருத்தி, இன்ஜின் சுழலும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். முள் ஏறும்போது 0.050, இறங்கும்போது மீண்டும் 0.050: இடையில் கிராங்க் சுழன்ற டிகிரிதான் ஒப்பிட வேண்டிய அளவு.