நிலாவரையில் விழுந்த தேசிக்காய்

மாசி மாதத்துச் சனிக்கிழமை காலை. கோண்டாவிலில் ஒரு வீட்டு விறாந்தை. சாய்மனைக் கதிரையில் அப்பப்பா, கையில் பேப்பர். மூன்றாம் வகுப்புப் பேரன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிறான். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் ஒரு பெடியன் தானாகச் சப்பாத்துப் போட்டால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பேப்பர் வாசிக்கிறவரைத் தவிர.

அப்பப்பா: எங்கே மோனை வெளிக்கிட்டு நிற்கிறாய்?

பேரன்: கீரிமலைக்கு.

அப்பப்பா: தனியாகவோ?

பேரன்: இல்லை, உங்களோடு.

அப்பப்பா: எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே.

பேரன்: அதுதான் இப்போது சொல்லிவிட்டேனே.

அப்பப்பா: கீரிமலைக்கு என்னத்துக்கு? ஆடி அமாவாசைக்கு இன்னும் எத்தனை மாதம் கிடக்கு.

பேரன்: அதைச் சொல்வதென்றால் திங்கட்கிழமையில் இருந்து சொல்ல வேண்டும்.

அப்பப்பா: சரி, சொல்லு. (பேப்பரை மடிக்கவில்லை. அரை மணித்தியாலம் இப்படியே வாசிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.)

பேரன்: திங்கட்கிழமை சித்திரப் பாடம். 'எங்கள் ஊர்' என்று வரையச் சொன்னார் ரீச்சர். எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையில் இருந்து ஓர் ஆறு, ஆற்றில் ஒரு வள்ளம் வரைந்தோம்.

அப்பப்பா: நானும் அதைத்தான் வரைந்தேன். கொப்பாவும் அதைத்தான் வரைந்தான்.

பேரன்: யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது என்று ரீச்சர் கேட்டார். ஆறும் இல்லையாம். மழைக்கு ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதானாம். நான் எழும்பி, கீரிமலை இருக்கிறதே என்றேன்.

அப்பப்பா: கெட்டிக்காரன். அதற்கு என்ன சொன்னார்?

பேரன்: போய்ப் பார்த்துவிட்டு வந்து வரையச் சொன்னார்.

அப்பப்பா: அதற்காகவோ போகப்போகிறாய்? அங்கே மலையும் இல்லை ஒன்றும் இல்லை. கேணி இருக்கு, நகுலேஸ்வரம் இருக்கு, பக்கத்தில் கடல் இருக்கு. மலை பெயரில் மட்டும்தான்.

பேரன்: மலைக்காக இல்லை. பொறுங்கோ, இன்னும் செவ்வாய்க்கிழமையே வரவில்லை. செவ்வாய் நாலாம் வாய்பாடு. நாநான்கு பதினாறு வரைக்கும் எங்கள் சத்தத்தில் கூரை எழும்பியது. ஏழு நாலு வந்தபோது வெளியில் காகம் கத்தியது நன்றாகக் கேட்டது. புதன் சுற்றாடல்.

அப்பப்பா: ம்.

பேரன்: பனையில் இருந்து செய்த பொருள் ஒன்று வீட்டில் இருந்து கொண்டுபோக வேண்டும். ஒருத்தி நீத்துப்பெட்டி கொண்டுவந்தாள். ஒருத்தன் பினாட்டு. மேசையில் வைப்பதற்கு முன்னமே பாதியைத் தின்றுவிட்டான்.

அப்பப்பா: நீ சுளகு கொண்டுபோயிருப்பாய்.

பேரன்: சுளகை அப்பம்மா தரவில்லை. கொட்டில் கூரையில் செருகி இருந்ததே, ஓலையில் மடித்த உங்கள் பிளா, அதைக் கொண்டுபோனேன்.

(பேப்பர் மடிந்தது.)

அப்பப்பா: பிளாவையோ! எதற்கு என்று ரீச்சர் கேட்டிருப்பாரே. கூழ் குடிக்க என்று சொன்னாயா?

பேரன்: அப்பப்பா பின்னேரத்தில் வெள்ளையாக ஒன்று குடிப்பார் என்றேன்.

அப்பப்பா: கருப்பணி என்று சொல்லியிருக்கலாமே!

பேரன்: ரீச்சரும் அதைத்தான் சொன்னார். பாவம், உங்களைக் காப்பாற்றப் பார்த்தார். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் புளிக்காது, அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. பூசாமல் இறக்கினால் புளித்துவிடும், அது கள். இரண்டும் ஒரே பாளையில் இருந்துதான் வருமாம். பிறகு, குடித்த பின் அப்பப்பா என்ன செய்வார் என்று கேட்டார்.

அப்பப்பா: நித்திரை கொள்வார் என்று...

பேரன்: தேவாரத்தைக் கூத்து மெட்டில் பாடுவார் என்றேன். அப்படியென்றால் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசவில்லை என்று முழு வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. பாடம் விளங்கிவிட்டது என்று எல்லோருக்கும் கொப்பியில் நட்சத்திரம்.

அப்பப்பா: அந்த ரீச்சரின் தகப்பனை எனக்குத் தெரியும் மோனை. அவரும் நானும் ஒன்றாகத்தான்... சரி, அதை விடு. வியாழக்கிழமை?

பேரன்: விளையாட்டுப் போட்டி. தேசிக்காயைக் கரண்டியில் வைத்து, கரண்டியை வாயில் வைத்து ஓடுவது. மற்றவர்களின் காய் எல்லாம் விழுந்து விழுந்து உருண்டது. என்னுடையது கடைசி வரைக்கும் விழவே இல்லை.

அப்பப்பா: அப்போ நீதான் முதலாவது!

பேரன்: இல்லை. நான் வந்து சேர்ந்தபோது அடுத்த போட்டி தொடங்கிவிட்டது.

அப்பப்பா: (இருமுகிறார். சிரிப்பை மறைக்க அந்த வீட்டில் இதுதான் வழக்கம்.) அதுதான் அப்பம்மா நாலு தேசிக்காய்க்குக் கணக்குக் கேட்கிறாவோ? நேற்றுச் சொதிக்குப் பிழிய ஒன்றும் இல்லையாம்.

பேரன்: விழாத காயைப் பிழியலாமோ? காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சுற்றுலாவுக்கும் அது வந்தது. முதலில் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, உடைத்துப் பெருப்பித்து ஐந்து மூலை வைத்தார்களாம். ஐங்கோணி என்று கணக்குப் பாடத்தில் வருகிறதே, அது. பிறகு 1795இல் ஆங்கிலேயர் வந்து எடுத்துக்கொண்டார்கள்.

அப்பப்பா: எங்கள் பின்வளவு மாதிரி. ஒருத்தன் வேலி போட, மற்றவன் வந்து கதியாலைப் பிடுங்கித் தள்ளி நட...

பேரன்: நானும் அதைத்தான் சொன்னேன். எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ரீச்சர் கேட்டார்.

அப்பப்பா: சொல்லிவிட்டாயா?

பேரன்: அவருடைய மகளும் என் வகுப்புத்தான்.

(அப்பப்பா எழுந்து வேலிக்கு மேலால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து இருக்கிறார்.)

பேரன்: பிறகு நிலாவரை. அடியில்லாக் கிணறு. ராமர் அம்பு விட்டு உண்டாக்கினது என்று ஒரு கதையாம். ஆனால் நிலத்துக்குக் கீழே எல்லாம் சுண்ணாம்புக் கல்லாம், மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகை ஆக்குமாம். மேல்தண்ணீர் நல்லதண்ணீர், ஆழத்தில் உப்புத்தண்ணீராம். கிணற்றுக்குள் ஒன்றும் போடக்கூடாது என்று எல்லோரையும் கைகட்டி நிற்க வைத்தார்.

அப்பப்பா: அது நல்லது.

பேரன்: நான் மட்டும் கைகட்டவில்லை. ஒரு கை பைக்குள் இருந்தது.

அப்பப்பா: ஐயோ.

பேரன்: நீங்கள்தானே சொன்னீர்கள், நிலாவரையில் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று. நேற்றுப் பதினொரு மணிக்குப் போட்டேன். இப்போது வந்திருக்கும். வேறு யாரும் எடுக்க முதல் வெளிக்கிடுங்கோ.

அப்பப்பா: அது... என் அப்பு எனக்குச் சொன்ன கதை மோனை.

பேரன்: அவர் பொய் சொன்னாரோ?

(இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரிந்த ஆம்பிளை கோண்டாவிலில் இல்லை. அப்பப்பா சால்வையை உதறித் தோளில் போடுகிறார். நடந்துபோய் அடுப்படி வாசலில் நின்று, குரலைத் தணிக்கிறார்.)

அப்பப்பா: இஞ்சேர், பக்கத்துக் கடையில் ஒரு தேசிக்காய் வாங்க வேணும். பெடியனுக்குத் தெரியாமல்.

பேரன்: (சைக்கிளைத் தள்ளிக்கொண்டு) அப்பப்பா, கேணியில் வேறு காய் கிடந்தாலும் பயம் இல்லை. போட்டியில் மாறிப்போகும் என்று பச்சைப் பேனையால் என் பெயர், வகுப்பு, வீட்டு விலாசம் எல்லாம் எழுதித்தான் கொண்டுபோனேன்.

(அப்பப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.)

அப்பப்பா: இஞ்சேர்... ஒரு பச்சைப் பேனையும்.

(அடுப்படிக்குள் இருந்து பேச்சு வரவில்லை. ஒரு கை மட்டும் நீள்கிறது. அதில் மூன்று தேசிக்காய். மூன்றிலும் பச்சை மையில் பெயர், வகுப்பு, விலாசம். புதன்கிழமை இரவு எழுதிப் பழகியவை. இரண்டில் கோண்டாவிலுக்குக் கொம்பு இல்லை. பிழை இல்லாததாகப் பார்த்து ஒன்றை எடுத்து மடிக்குள் செருகிக்கொண்டு அப்பப்பா சைக்கிளை வாங்குகிறார்.)