டார்ச் வரிசை 1936இல்தான் தொடங்குகிறது

நண்பர்கள் பகிர்ந்த, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஒலிம்பிக் அருங்காட்சியகத்து டார்ச் படத்துக்குக் கீழே நேற்று நடந்த வாக்குவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பண்டைய கிரேக்கர்கள் ஏந்தி ஓடிய அதே சுடர்" என்று எழுதியிருந்தார்கள். கிரீஸின் ஒலிம்பியாவிலிருந்து போட்டி நடக்கும் ஊருக்குச் சுடரைக் கைமாற்றிக் கொண்டுபோகும் இந்தத் தொடரோட்டம் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் தொடங்கியது என்று ஒரே ஒரு வரி சொன்னேன். உடனே "ஹிட்லரை ஏன் இழுக்கிறாய்?", "எதையும் ரசிக்க விடமாட்டாயா?" என்று கேட்டார்கள். கடைசியில் என் கமெண்ட்டையே தூக்கிவிட்டார்கள்.

நான் யாரையும் இழுக்கவில்லை. அந்த அருங்காட்சியகத்தின் டார்ச் வரிசையே 1936இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் டார்ச்சே இல்லை. ஒலிம்பியாவில் பலிபீட நெருப்பு இருந்தது, ஏதென்ஸில் தீப்பந்த ஓட்டம் இருந்தது, சரி. ஆனால் ஒலிம்பியாவிலிருந்து நெருப்பை எடுத்துக்கொண்டு போட்டி நடக்கும் ஊருக்கு ஓடியது கிடையாது. 1928 ஆம்ஸ்டர்டாமில்கூடக் கோபுரத்தில் சுடர் எரிந்தது, ஓட்டம் இல்லை. பெர்லின் ஒலிம்பிக்கின் அமைப்பாளர் கார்ல் டீம் திட்டமிட்டு, நாஜி அரசு பின்னால் நின்று, 3,000க்கு மேற்பட்டவர்கள் 7 நாடுகள் வழியாக ஓடியதுதான் முதல் ஓட்டம். டார்ச் செய்து கொடுத்தது ஜெர்மன் எஃகு நிறுவனமான க்ருப், பீரங்கி செய்த அதே க்ருப். சில ஆண்டுகளில் அந்தப் பாதையிலிருந்த ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா, கிரீஸ் எல்லாவற்றுக்குள்ளும் ஜெர்மன் படை நுழைந்தது.

எனக்கு அந்தச் சுடர் மேல் வெறுப்பு என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளி விளையாட்டு விழாவில் தகர டப்பாவில் மண்ணெண்ணெய்த் துணி திணித்த டார்ச்சோடு மைதானத்தைச் சுற்றி ஓடியவன் நான். கை சுட்டது, ஆனாலும் விடவில்லை. அப்புறம் நூலகத்தில் இந்தக் கதையைப் படித்துவிட்டு பி.டி. சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "அடுத்த வருஷம் மைக்ல நீயே சொல்லுடா" என்றார். சொன்னேன். டார்ச்சும் ஓடியது, பிள்ளைகளும் கைதட்டினார்கள். அந்த மனிதருக்கு இருந்த பெருந்தன்மை, இத்தனை படித்த நண்பர்களுக்கு இல்லையே என்பதுதான் வலிக்கிறது.

அந்த ஓட்டத்தைப் பின்னால் வந்தவர்கள் மீட்டெடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 1948 லண்டன் ஒலிம்பிக் ஓட்டத்தில் முதலில் ஓடிய கிரேக்க வீரர் ராணுவ உடையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். 1964 டோக்கியோவில் கொப்பரையை ஏற்றிய யோஷினோரி சகாய், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாளில் அந்த மாகாணத்தில் பிறந்தவர். 1936ஐ மறைத்துவிட்டால் இவர்கள் செய்ததன் அர்த்தம் எப்படிப் புரியும்?

விளையாட்டில் அரசியல் வேண்டாமாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது திபெத்துக்காக டார்ச்சைத் தொட மறுத்த இந்தியக் கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா விளையாட்டுக்காரர் இல்லையா? அரசியல் கலந்து பிறந்த பொருளைப் பற்றி அரசியல் இல்லாமல் எப்படிப் பேசுவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் ஓட்டம் ஒலிம்பியாவில் தொடங்கியது 1936 ஜூலை 20. அதற்கு 4 நாள் முன்னால், விருந்தினர் வரும் நகரம் "சுத்தமாக" இருக்க வேண்டும் என்று பெர்லின் போலீஸ் ரோமா, சிந்தி (ஜிப்சி என்று அழைக்கப்பட்ட ஐரோப்பிய இனத்தவர்) மக்கள் சுமார் 600 பேரைப் பிடித்து, நகரின் ஓரத்திலிருந்த மார்ட்ஸான் முகாமில் அடைத்தது. குழந்தைகளையும் சேர்த்துத்தான். அவர்களில் பலரைப் பின்னாளில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். டார்ச் படத்துக்குக் கீழே இவர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும் என்கிறேன். அதனால் உங்கள் ரசனை கெடும் என்றால், கெடட்டும்.