துன்பத்துக்கு இவ்வளவு மரியாதை வேண்டாம்

"கஷ்டப்பட்டாதான் வாழ்க்கைக்கு அர்த்தம்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நம் வீடுகளில் அது வேதவாக்கு. குழந்தை கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் "ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழுவே" என்கிறோம். ஞாயிறு மதியம் கண்ணயர்ந்த அம்மா, வாசலில் ஆள் வந்ததும் குற்றம் செய்தவர் போலப் பதறி எழுகிறார். சுகப்பட்டால் காரணம் சொல்ல வேண்டும், அவதிப்பட்டால் பாராட்டு.

பெரியம்மாவுக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தபோது, பார்க்க வந்தவர்கள் "பகவான் சோதிக்கிறார், எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்கள். பெரியம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். உயிராக வளர்த்த பேத்தி வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை. அந்த வாரங்களில் அவருக்குப் பக்குவமும் வரவில்லை, ஞானமும் வரவில்லை. வலி, வலி, அவ்வளவுதான்.

பிறகு ஒரு மருத்துவர், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி அடங்க அடங்கத்தான் எங்கள் பெரியம்மா திரும்பி வந்தார். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் கேட்டார். வருஷக்கணக்காகப் பேச்சே இல்லாதிருந்த தம்பிக்கு ஆள் அனுப்பினார். இரண்டு பேரும் திருவல்லிக்கேணி வீட்டுக் கதைகளைப் பேசிச் சிரித்ததை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அவர் வாழ்க்கையின் மிக நல்ல நாட்களில் அவையும் சேர்த்தி.

அந்த மாத்திரை எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடிகளால், மார்ஃபின் வைத்துக்கொள்ளவே மருத்துவமனைகள் தயங்கின. அதைத் தளர்த்தும் திருத்தம் 2014-இல்தான் வந்தது. நடுவில் 29 வருஷம். அதில் துடித்துத் துடித்தே போனவர்களிடம் என்ன உன்னதத்தைக் கண்டுவிட்டோம்?

உடனே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்வார்கள். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தானே 1954-இல் அடையாறில் மருத்துவமனையானது என்பார்கள். உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கி வைத்தது, இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்ற அக்கறையும் விடாத உழைப்பும். துன்பம் அவ்வளவு உயர்ந்தது என்றால் அதைக் குறைக்க ஒரு மருத்துவமனை எதற்கு? 1955-இல் அங்கே சேர்ந்து, 2021-இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்த டாக்டர் சாந்தாவையும் தியாகி என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். மனதுக்குப் பிடித்த வேலையின் ஆனந்தம் இல்லாமல் ஒருவரால் அத்தனை வருஷம் நிற்க முடியும் என்று நான் நம்பவில்லை.

மாத்திரைக்கு அடங்காத துன்பமும் உண்டு, தெரியும். பெரியம்மா போன பிறகு பெரியப்பா இன்றுவரை மெரினா பக்கம் போவதில்லை. அந்தத் துக்கத்தை எடுத்துவிடவா என்று கேட்டால் அவரே வேண்டாம் என்பார். ஆனால் அதற்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? இரண்டு பேரும் சேர்ந்து நடந்த மாலைகள், மணலில் உட்கார்ந்து தின்ற சுண்டல், வீடு வரைக்கும் ஓயாத வாய்ச்சண்டை. சந்தோஷம் முதலில் இருந்தது, அதனால்தான் துக்கம் இவ்வளவு கனக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது நாள்பட்ட வலியில் கிடந்தால், தயவுசெய்து அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை உண்டா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் அதைச் செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக் காலையிலேயே போய் விசாரியுங்கள்.