அஞ்சல் செயற்கைக்கோள்களை அரசு கைவிடுவது பற்றி, கடைசியாக ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை நடந்த இணையவழி உரையாடலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். நாசா, விண்கலங்களின் தரவை வாங்கித் தரைக்குக் கடத்திவிடும் தன்னுடைய டி.டி.ஆர்.எஸ். அஞ்சல் செயற்கைக்கோள்களுக்கு மாற்றாகத் தனியாரிடம் சேவை வாங்கப்போவதைப் பற்றி நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பேச்சாளர் பதில் சொல்லவில்லை. “ஐயா அரசு வேலையில் இருந்தவர், அவருக்கு அப்படித்தான் தோன்றும்” என்று சிரித்தார்; மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது: வாங்கப்போகும் சேவை நிலைபெறுவதற்கு முன்பே சொந்த ஏற்பாட்டின் கதவைச் சாத்த என்ன அவசரம்?

பூமிக்கு அருகில் சுற்றும் ஒரு விண்கலம் எந்தத் தரைநிலையத்தின் பார்வையிலும் சில நிமிடங்களே இருக்கும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் டி.டி.ஆர்.எஸ். செயற்கைக்கோள்கள் அந்தக் கலத்தின் தரவை வாங்கி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள வொயிட் சாண்ட்ஸ், பசிபிக் தீவான குவாம் ஆகிய இடங்களின் தரைநிலையங்களுக்கு அனுப்புவதால்தான் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் பன்னாட்டு விண்வெளி நிலையமும் ஏறக்குறைய இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. இந்த வரிசையின் கடைசிச் செயற்கைக்கோள் 2017 ஆகஸ்டில் ஏவப்பட்டது. 2022 ஏப்ரலில் 6 நிறுவனங்களுக்கு மொத்தம் 27.85 கோடி டாலர் ஒதுக்கி, தங்கள் சேவையைச் செய்துகாட்டும்படி நாசா கேட்டுக்கொண்டது. 2024 நவம்பர் 8 முதல் டி.டி.ஆர்.எஸ். புதிய திட்டங்களை ஏற்பதில்லை. செய்துகாட்டும் வேலை முடிவதற்குள்ளாகவே கதவு சாத்தப்பட்டதா இல்லையா?

இதைப் புதுமை என்று கொண்டாடுகிறவர்கள் வரலாற்றையும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். டி.டி.ஆர்.எஸ். தொடங்கியதே வாடகைச் சேவையாகத்தான். 1976இல் அமெரிக்கத் தந்தி நிறுவனமான வெஸ்டர்ன் யூனியனின் துணை நிறுவனத்தோடு நாசா பத்தாண்டு சேவை ஒப்பந்தம் செய்தது. செயற்கைக்கோள்கள் அந்த நிறுவனத்துடையவை, நாசா வாடகைதாரர். இடையில் உரிமை கைமாறிப் போய், கடைசியில் அரசே அந்த அமைப்பை எடுத்துக்கொண்டது. அந்தச் செயற்கைக்கோள்களின் முதன்மையான வேலை நாசாவுடையது என்பதால் அன்று எடுத்துக்கொள்ள முடிந்தது. இலட்சக்கணக்கான வேறு வாடிக்கையாளர்களும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு வலைப்பின்னலை நாளை எந்த அரசு எடுத்துக்கொள்ளும்? வாடகைக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை. திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டுப் போவதையே எதிர்க்கிறேன்.

போட்டி இருக்கிறதே என்பார்கள். அந்த 6 நிறுவனங்களில் இரண்டு வயாசாட்டும் இன்மார்சாட்டும். 2023 மே மாதம் வயாசாட் இன்மார்சாட்டை வாங்கிவிட்டது. ஓராண்டு சொச்சத்தில் ஆறு ஐந்தாயிற்று. அரசு விரும்பும் எண்ணிக்கையில் போட்டியாளர்களைச் சந்தை வைத்திருக்காது.

நான் அரசு வேலையில் இருந்தவன் என்பது உண்மைதான், அதனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தின் பழைய ஜீப்பைப் பராமரிப்புச் செலவு அதிகம் என்று ஏலம் விட்டுவிட்டு ஒப்பந்த வாகனம் வைத்தார்கள். சாதாரண நாட்களில் அது நன்றாகவே ஓடியது, செலவும் குறைந்தது, மறுக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த காலையில் வண்டி வரவில்லை. அதிக வாடகை தந்த வேறொருவருக்கு அது போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஒப்பந்தத்தில் அபராதப் பிரிவு இருந்தது, விதிப்படி பிடித்தும் விட்டோம்: ஒரு நாள் வாடகை. முகாமில் அரிசிக்குக் காத்திருந்தவர்களிடம் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டியிருக்கலாம் போலிருக்கிறது.

‘ஒரு ஜீப்பையும் விண்வெளியையும் ஒப்பிடலாமா’ என்று கேட்கப்போகிறவர்களுக்கு: 2025 ஜூலை 24 அன்று மென்பொருள் கோளாறால், அந்த 6 நிறுவனங்களில் ஒன்றான ஸ்பேஸ்எக்ஸ் நடத்தும் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் சுமார் இரண்டரை மணி நேரம் உலகமெங்கும் நின்றது, உக்ரைனின் போர்முனையும் அதில் அடங்கும். அதே ஆண்டு மார்ச்சில், தான் அதை அணைத்தால் அந்தப் போர்முனை முழுவதும் சரிந்துவிடும் என்று ஸ்பேஸ்எக்ஸின் தலைவர் எலான் மஸ்க்கே எழுதினார். ஒருபோதும் அணைக்க மாட்டேன் என்றும் பின்னர் சொன்னார். ஒரு படையின் தொடர்பு ஒரு மனிதரின் நல்ல மனத்தை நம்பியிருப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. அதைக் கேட்கிறவன்தான் பழமைவாதி.

அரசு வலையிலும் தனியார் வலைகளிலும் மாறிமாறிப் பேசக்கூடிய முனையக் கருவியை நாசா 2025 ஜூலை 23 அன்று சோதனைக்கு அனுப்பியிருக்கிறது என்பது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாறுவதற்கு அரசு வலை ஒன்று மிஞ்ச வேண்டுமே! 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் என்ற தனியார் விண்வெளிப் பயணத்தில் ஸ்டார்லிங்கோடு லேசர் இணைப்பு வேலை செய்தது என்கிறீர்களா? செய்தது. ஐந்து நாள் பயணம் அது.

அரசு என்றால் மந்தம் என்பது மட்டும் இனியும் கேட்கச் சகிக்கவில்லை. 1983இல் முதல் டி.டி.ஆர்.எஸ். உந்துகலக் கோளாறால் தவறான பாதையில் சிக்கியபோது, நாசாவின் பொறியாளர்களும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து, நிலைதிருத்தத்துக்கு மட்டும் வைத்திருந்த சிறு உந்திகளைக் கொண்டு வாரக்கணக்கில் தள்ளித்தள்ளி அதை உரிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அது 2009 வரை உழைத்தது. தென்துருவ ஆய்வு நிலையத்துக்கும் இணைப்புத் தந்தது. அந்த உழைப்பை ஏதோ கடையில் விலைக்கு வாங்கியது போல ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

செலவு கூடும், தெரியும். மனிதர்கள் பயணிக்கும் கலங்களுக்காவது அரசுக்குச் சொந்தமான இணைப்பு இருக்கட்டும். தனியார் சேவை சில ஆண்டுகள் தடையின்றி ஓடிய பிறகு அந்த அரசு இணைப்பையும் மூடுவது பற்றிப் பேசலாம். மாதக் கட்டணம், அபராதப் பிரிவு, ஒப்பந்தக் காலம் எல்லாம் அதற்குப் பிறகு.