முதல் 24 மணி நேரம்

காவல்துறையிடம் பிடிபட்ட பின் கையில் மாவுக்கட்டுடன் நிற்கும் இளைஞர்களின் படங்களை, "கழிவறையில் வழுக்கி விழுந்தார்" என்ற கேலிக் குறிப்புடன் பகிர்ந்து மகிழ்வது தமிழ்நாட்டில் வெகு இயல்பாகிவிட்டது. அப்படியொரு படத்துக்கு நானும் ஒருமுறை விருப்பக்குறி இட்டிருக்கிறேன். ரவுடிக்குத்தானே விழுந்தது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் சாத்தான்குளத்து ஜெயராஜும் பென்னிக்ஸும் ரவுடிகள் அல்லர். ஊரடங்குக் காலத்தில் கைப்பேசிக் கடையைக் குறித்த நேரத்தைத் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்பதே அவர்கள் மீது சொல்லப்பட்ட குற்றம்.

2020 ஜூன் 19 இரவு அவர்கள் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டார்கள்; 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்த இரவைவிட மறுநாளிலேயே போய் நிற்கிறது. அன்று அவர்கள் அரசு மருத்துவமனைக்கும், நீதித்துறை நடுவரிடமும், பின்னர் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். இந்த மூன்று இடங்களிலும் காவல்துறையைச் சேராத அரசு ஊழியர்கள் இருந்தார்கள். எவரேனும் ஒருவர் "இந்த நிலையில் இவர்களைச் சிறைக்கு அனுப்ப முடியாது" என்று எழுதியிருந்தால், கதை வேறாகியிருக்கக்கூடும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆவது பிரிவு சொல்வது, தாளில் கையொப்பம் வாங்குவதற்காக அல்ல; காவலர்களை வெளியே நிறுத்திவிட்டு, "உன்னை அடித்தார்களா?" என்று ஒரு மனிதர் நேருக்கு நேர் கேட்பதற்காக.

அந்த நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றாடம் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, ஆனால் 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் உயிர்போகும் அளவுக்கு அடிபட்டது காவல் நிலையத்திலேயே அல்ல. முறையான கைது ஏதுமின்றித் தனிப்படையினர் அவரைக் கோயிலை ஒட்டிய இடத்தில் வைத்துத் தாக்கினர். வெளியே தெரிந்தது யாரோ மறைந்திருந்து கைப்பேசியில் எடுத்த காணொளியால். கேமரா நிலையத்துக்குள் வந்தால் அடி நிலையத்துக்கு வெளியே போய்விடுகிறது.

அஜித்குமாரிடம் நடந்த விசாரணை காணாமற்போன நகையைப் பற்றியது என்பதையும் கவனிக்க வேண்டும். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று நம் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சுட்டிய பகுதி மட்டும் செல்லும் என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் இந்த 27ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 23ஆவது பிரிவுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அடித்தால் "ரெக்கவரி" கிடைக்கும், கிடைத்தால் வழக்கு முடியும் என்றால், அடி எப்படி நிற்கும்? இதைத் தனி மனிதர்களின் கொடூர குணம் என்று மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அதே புதிய சட்டத் தொகுப்பு, 15 நாள் காவல் விசாரணையை முதல் 15 நாள்களுக்குள் முடிக்காமல், 40 அல்லது 60 நாள்களுக்குள் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளவும் வழிவிட்டிருக்கிறது. சிறையில் இருப்பவரும் மறுபடி நிலையத்துக்கு அழைக்கப்படலாம் என்ற அச்சத்திலேயே வாய் திறக்கமாட்டார்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. காவலில் இருந்தவர் உடலில் காயம் இருந்தால் அதைக் காவலர்களே ஏற்படுத்தியதாக நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என்றும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையதாக வேண்டும் என்றும் சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதியபோதுகூட அந்த ஒரு பிரிவுக்கு இடம் கிடைக்கவில்லை.

சாட்சியச் சட்டம், மத்திய அரசும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றமே அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் பணியிடை நீக்கம், இழப்பீடு, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று அறிவிக்கும் அரசுகள், எந்தக் கட்சியுடையவையாக இருந்தாலும், இதை மட்டும் ஏன் செய்வதில்லை என்று கேட்க விரும்புகிறேன்.