மைய மரபணு என்றாலே நோய்க்குக் காரணம் ஆகிவிடாது

'மரபணு வலையமைப்பில் அதிக இணைப்புள்ள மைய மரபணுதான் நோய்க்குக் காரணம், அதைத் தடுத்தால் போதும்' என்று சொல்வது தவறு. சேர்ந்தே கூடிக் குறையும் மரபணுக்களை இணைத்து இந்த வலையமைப்பை வரையும் டபிள்யூஜிசிஎன்ஏ (WGCNA) என்ற கணக்கு முறை தருவது ஒட்டுறவு (correlation) மட்டுமே. எது எதை இயக்குகிறது என்ற திசை அதில் இல்லை.

நார்த்திசு பெருகிய ஒரு திசுத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொலாஜன் மரபணுக்களான கால்1ஏ1 (COL1A1), கால்3ஏ1 (COL3A1) இரண்டின் அளவும் சேர்ந்தே உயரும். ஒன்று மற்றதைத் தூண்டியதால் அல்ல. கொலாஜனை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் பங்கு கூடியதாலேயே அப்படித் தெரியலாம். செல் விகிதத்தை மதிப்பிட்டுக் கழிக்காமல், அல்லது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்த ஒற்றைச்செல் தரவில் சரிபார்க்காமல், இதை ஒரு மரபணு மற்றதை நெறிப்படுத்தல் என்று சொல்லவே கூடாது.

மாதிரி எண்ணிக்கையும் முக்கியம். 8 மாதிரிகளில் 0.7 ஒட்டுறவு தற்செயலாகவே சுமார் 5% மரபணு இணைகளில் வரும். 20,000 மரபணுக்களுக்கு ஏறக்குறைய 20 கோடி இணைகள். அப்படியானால் போலி இணைப்புகள் மட்டுமே ஒரு கோடி! 15 மாதிரிகளுக்குக் கீழே இந்த முறையைத் தொடவே வேண்டாம், 20க்கு மேல் இருந்தால் நல்லது. நோயாளி மாதிரிகளை ஒரு நாளிலும் மற்றவர்களுடையதை வேறொரு நாளிலும் ஆர்என்ஏ வரிசை வாசித்திருந்தால் (sequencing), எந்தத் திருத்தக் கணக்கும் அந்தத் தரவைக் காப்பாற்றாது.

திசை வேண்டுமென்றால், டிஎன்ஏவில் பிணைந்து மற்ற மரபணுக்களைக் கூட்டியோ குறைத்தோ இயக்கும் புரதங்களான படியெடுத்தல் காரணிகளிலிருந்து தொடங்குங்கள். சீனிக் (SCENIC) போன்ற கணினிக் கருவி, இலக்கு மரபணுவின் அருகே அந்தக் காரணி பிணையும் டிஎன்ஏ வரிசை இருக்கிறதா என்று பார்த்து வடிகட்டும். அதுவும் ஊகம்தான். மரபணுவைக் குறிவைத்து மாற்றும் கிரிஸ்பர் (CRISPR) நுட்பம் மூலம் காரணியை அடக்கி, கணித்த இலக்குகள் மாறுகின்றனவா என்று ஆர்என்ஏ அளந்து பார்த்த பிறகுதான் 'காரணம்' என்ற சொல்லுக்கு இடமுண்டு.